மண்டபத்து எர்த் எத்தனை ஓம் இருக்கலாம்?

மண்டப வேலை என்றால் ஆடியில்தான் கிடைக்கும். ஆனி முகூர்த்தங்கள் முடிந்து ஆவணி பிறப்பதற்குள் சுவரை வெட்டி, பைப் புதைத்து, பூசி, வெள்ளையடித்துக் கொடுத்துவிட வேண்டும். மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் ஒயரிங்கை முழுவதுமாக மாற்றிக்கொடுத்தேன். வேலை அப்படியொன்றும் கடினமானது அல்ல. அது சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஆளுக்கொரு 'சரி' வைத்திருந்தார்கள், தலைவலி அங்கேதான். மண்டபம், விடுதி, துணிக்கடை வேலை எடுக்கிற தொழில்காரர்கள் எல்லோரும் இதில் மாட்டியிருப்பீர்கள். அதனால் ஒயரிங்கையும் ஆய்வுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டடம் பழையது. கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே முகூர்த்த ஹால், பின்னால் சமையல்கட்டு, பக்கவாட்டில் மணமக்கள் அறைகள். பாதி இடத்தில் மர ரீப்பர் மேல் ஓடிய அலுமினிய ஒயர், மீதியில் பிற்பாடு யார் யாரோ சேர்த்த பிவிசி கேசிங். மெயின் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை மூன்று புரியாக முறுக்கிப் போட்டிருந்தார்கள். பீங்கான் பழுப்பேறி, நடுவில் கீறல் விட்டிருந்தது. இந்த ஃபியூஸ் எவ்வளவு லோடு ஏறினாலும் உருகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் முதலில் போகும்.

ஹாலில் மேடைக்குப் பக்கத்துப் பிளக் பாயிண்டுகளைக் கழற்றியபோது இன்னொன்று கிடைத்தது. துளைகளுக்குள் ஒடிந்த தீக்குச்சிகள். பந்தல் அலங்காரத்துக்கு வருகிறவர்கள் பின் இல்லாத ஒயரின் இரண்டு முனைகளையும் துளையில் சொருகி, கழன்றுவிடாமல் தீக்குச்சியை அடித்து இறுக்குவது நம் ஊரில் எல்லா மண்டபத்திலும் நடப்பதுதான். ஒரு பாயிண்டில் குச்சியின் மருந்துத் தலை உள்பக்கம் இருந்தது. பித்தளைத் தகடு கருத்து, அதன் பின்னால் ஒயரின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்கு மொரமொரப்பாகி, தொட்டதும் உதிர்ந்தது.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் நடந்தது நினைவிருக்கும். வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் தொடங்கிய தீ கீற்றுப் பந்தலுக்குத் தாவியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு மண்டபத்தில் தீ எங்கே தொடங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. நிரந்தர ஒயரிங்கில் அல்ல, ஒரு நாள் கூத்துக்கு இழுக்கிற ஒயரில். இந்த வேலையை நான் யோசித்ததே அங்கிருந்துதான்.

பழைய ஒயரிங்கைப் பிரிப்பதற்கு முன், ஒயரின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று காட்டும் மெகர் மீட்டரை வைத்து அளந்தேன். 500 வோல்ட் டிசி கொடுத்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும் என்பது விதி. சமையல்கட்டு சர்க்யூட் 0.2 காட்டியது. மண்டபக்காரர், “பல்பு எரிகிறதே தம்பி, அப்புறம் என்ன?” என்றார். பெரியவர், கட்டடம் கட்டிய காலத்திலிருந்து பார்ப்பவர். அவரிடம் மெகாஓம் பேசிப் பயனில்லை. அந்தத் தீக்குச்சியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதன் பிறகு செலவைப் பற்றி அதிகம் பேசவில்லை.

புதிய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குகளுக்கு 2.5, சமையல்கட்டு கிரைண்டருக்கும் அறைகளின் ஏசிக்கும் 4. எல்லாம் செம்பு. ஹாலுக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் எஃப்.ஆர்.எல்.எஸ். ஒயர். சாதாரண எஃப்.ஆர். ஒயர் தீ பரவுவதைத் தடுக்கும், ஆனால் வெந்தால் கரும்புகையும் அமில வாயுவும் கக்கும். கூட்டம் கூடும் இடத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். ஆகவே புகை குறைவாக விடும் ஒயர். மெயினில், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டும் நான்கு துருவ ஆர்சிசிபி, 100 மில்லி ஆம்பியர், தாமதித்து இயங்கும் எஸ் வகை. அதற்குக் கீழே சமையல்கட்டு, அறைகள், வெளிப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர்.

என் மனத்துக்குப் பிடித்தது பந்தல் போர்டு. வாசலில் ஒன்று, மேடைக்குப் பின்னால் ஒன்று, கூரைமேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூடி போட்ட நீலநிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டுகள், லோடு மீறினால் விழும் தனி எம்சிபி, தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த சாக்கெட்டில் ஒயரைச் சொருகித் தீக்குச்சி அடிக்க முடியாது. அதற்கான பிளக் டாப்புகளைச் சாவிக் கொத்தோடு மேனேஜரிடம் கொடுத்துவைத்திருக்கிறோம். சீரியல் லைட் போடுகிறவர், மைக் செட்காரர், வீடியோக்காரர் எல்லோரும் வாங்கி மாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் முகூர்த்தத்தில் ஒருவர் முறைத்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது.

இனி எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி. அதன் எதிர்ப்பை ஓமில் அளப்போம், எண் குறையக் குறைய நல்லது.

மேலே இரண்டடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை மேலே எகிறும் மண். 3 மீட்டர் மின்முனையை, அதாவது மண்ணுக்குள் நிற்கும் எர்த் குழாயை இறக்க, துளை போடும் வண்டி வர வேண்டியிருந்தது. கரி, உப்பு போடாமல் பெண்டோனைட் களிமண் கலவை நிரப்பினேன். உப்பு இரண்டு மழையில் கரைந்துபோய், போகிற போக்கில் ஜிஐ குழாயையும் அரித்துவிடும். மின்முனையின் நீளத்தைப்போல் இருமடங்கு இடைவெளி வேண்டும் என்பதால் குழிக்குக் குழி 6 மீட்டருக்குக் குறையாமல் விட்டேன்.

அளப்பதற்கு இடம்தான் பிரச்சினை. மண்டபத்தைச் சுற்றிலும் கார் நிறுத்தக் காங்கிரீட் போட்டுவிட்டார்கள். பக்கத்துச் சோளக்காட்டுக்காரரிடம் கேட்டு அங்கே மீட்டரின் கம்பிகளை மண்ணில் அடித்தோம். 30 மீட்டர் தள்ளி மின்னோட்டக் கம்பி, அதற்கு நடுவில் 62 சதவீதத் தூரத்தில், அதாவது 18.6 மீட்டரில், மின்னழுத்தக் கம்பி. நடுக்கம்பியை மூன்று மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தியும் அளவு பெரிதாக மாறவில்லை என்றால் அளவை நம்பலாம். குழியை மற்றவற்றோடு சேர்க்கும் இணைப்புத் தகட்டைக் கழற்றி, குழியைத் தனியாக்கி அளந்தபோது ஒன்று 3.8 ஓம், இன்னொன்று 4.4. அந்த மண்ணில், ஆடிக் காய்ச்சலில் இது நல்ல அளவு. ஐப்பசி மழைக்குப் பின் இன்னும் இறங்கும்.

ஆய்வுகள் தொடங்கின. இந்த மாதிரி இடத்துக்குப் பல கையெழுத்துகள் வேண்டும். 1965ஆம் ஆண்டின் பொதுக்கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் தடையின்மைச் சான்று. கூடுதல் லோடுக்கு ஒரு பார்வை, ஜெனரேட்டருக்கு ஒரு பார்வை. ஆளும் மாறுவார்கள். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை. இது ஓர் அலுவலகத்தின் குறை அல்ல.

முதலில் வந்தவர் கேட்டார்: “எர்த் எவ்வளவு?”

“3.8 சார்.”

“ஒன்றுக்குக் கீழே வர வேண்டும். இன்னும் குழி போடுங்கள்.”

எந்த விதியில் என்று கேட்டேன். “எல்லா இடத்திலும் அப்படித்தான்” என்றார். எர்த்திங்குக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 3043இல் எல்லாக் கட்டடத்துக்கும் பொதுவாக இத்தனை ஓம் என்று ஓர் ஒற்றை எண் இல்லை. கசிவு ஏற்பட்டால் பாதுகாப்புக் கருவி இயங்கும் அளவுக்கு எதிர்ப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பள்ளிக்கூடக் கணக்குதான்: 230 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 57 ஆம்பியர் சொச்சம். மின்மாற்றிப் பக்கத்து எர்த்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஒரு கிரைண்டரின் உடலில் முழு மின்சாரம் இறங்கினாலும் 63 ஆம்பியர் எம்சிபி அசையாது. ஒரு ஓம் கொண்டுவந்தால்கூட மின்மாற்றிப் பக்கத்து எர்த் நம் கையில் இல்லை. அதனால்தான் ஆர்சிசிபி வேண்டும். 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், பழுதான கருவியைத் தொடுபவர்மேல் வரும் மின்னழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டாமலிருக்க 500 ஓம் வரை தாங்கும். நாம் நிற்பது நான்கில். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, குழியின் மூடியைப் பார்த்தார். “கரி, உப்பு போடவில்லையா?” என்றார்.

அதே ஆய்வில் மெயினிலேயே 30 மில்லி ஆம்பியர் போடச் சொன்னார். வீட்டு இணைப்புக்கு 30, மற்ற இணைப்புகளுக்கு 100 என்று மத்திய மின்சார ஆணைய விதியே பிரித்து வைத்திருக்கிறது. மண்டபம் வீடு அல்ல. தவிர, 30 என்று எழுதிய கருவி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். நாலு ஈரக் கிரைண்டர், ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி போதும். தாலி கட்டும் நேரத்தில் மண்டபம் முழுவதும் இருண்டால் மறுநாள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். யாராவது ஒருவர் ஆர்சிசிபியைத் தாண்டி ஒயர் போட்டுவிடுவார். கூடுதல் பாதுகாப்பு என்று கேட்டது, இருந்த பாதுகாப்பையும் கழற்ற வைக்கும்.

அடுத்து வந்தவர் மீட்டரோடு வந்தார். மகிழ்ச்சியாக இருந்தது. இணைப்புத் தகட்டைக் கழற்றவா என்று கேட்டேன். “வேண்டாம், அப்படியே அளக்கலாம்” என்றார். 0.9 காட்டியது. திருப்தியாகக் குறித்துக்கொண்டார். தகட்டைக் கழற்றாவிட்டால் வளாகத்தின் எல்லாக் குழிகளும், ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் கேசிங்கும் சேர்ந்த அளவுதான் வரும். ஒன்றுக்குக் கீழே வரவேண்டும் என்று முன்னவர் கேட்டது, ஒரு பிடி மண்கூடத் தோண்டாமல் வந்துவிட்டது!

நியாயமாகச் சொன்னால் இரண்டுமே தவறல்ல. கசிவு நேரும்போது எல்லாக் குழியும் சேர்ந்துதான் வேலை செய்யும், ஆகவே கூட்டு அளவுக்குப் பொருள் உண்டு. எந்தக் குழி கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனி அளவு வேண்டும். நான் பார்த்த படிவத்தில் இருப்பது ஒரே ஒரு கோடு: எர்த் ரெசிஸ்டன்ஸ், இத்தனை ஓம். தனியா, சேர்த்தா, தகடு கழற்றியா, கோடையா, மழையா, ஒன்றும் இல்லை. ஒருவர் 3.8 என்று எழுதித் திருப்பி அனுப்பலாம், இன்னொருவர் 0.9 என்று எழுதி அனுமதிக்கலாம். கம்பி அதே கம்பி.

மணல் வாளிக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மண்டபக்காரர் சிரிக்கவில்லை. முதல் ஆய்வில் மணல் வாளிகள் இல்லை என்று எழுதினார்கள். ஸ்டாண்டோடு வாங்கி, வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை அடித்து, சமையல்கட்டு வாசலில் நிறுத்தினோம். அடுத்தவர், “இதெல்லாம் எந்தக் காலத்து ஏற்பாடு? வழியை மறிக்கிறது, எடுங்கள்” என்றார். எடுத்துக் குடோனில் போட்டோம். பிறகு வந்த இன்னொருவர் வாசலில் ஸ்டாண்டின் கால்தடத்தைப் பார்த்து, “இங்கே வாளி இருந்ததே, எங்கே?” என்றார். போர்டுக்குப் பக்கத்தில் வைக்கும் தீயணைப்பானிலும் இதே கதை. 6 கிலோ ஏபிசி பவுடர் போதும் என்பவர் ஒருவர், 4.5 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு தவிர எதுவும் ஆகாது என்பவர் ஒருவர். என் கட்சி பின்னவர்தான். பவுடரும் மின்தீயை அணைக்கும், ஆனால் அணைத்தபின் போர்டுக்குள் படிந்து உலோகத்தை அரிக்கும். அதற்காக ஏபிசி வைத்தவனைக் குற்றவாளி ஆக்க முடியாது.

மண்டபக்காரர் ஒரு மாலை கேட்டார்: “காசு எதிர்பார்க்கிறார்களோ தம்பி?” இல்லை. இந்த வேலையில் வந்தவர்கள் யாரும் ஜாடையாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு விதி சொன்னால் பொதுமக்கள் அப்படித்தான் நினைப்பார்கள். நேர்மையாக வேலை பார்க்கிறவருக்கும் கெட்ட பெயர். தொழில்காரனுக்கு இன்னொரு நஷ்டம்: நான் ஒரு விலை சொல்லி எடுத்த வேலையில், ஆய்வுக்குப் பின் சேரும் ஒவ்வொரு பொருளும் ‘முதலிலேயே தெரியாதா உனக்கு?’ என்ற கேள்வியோடு வருகிறது. தெரியும். எவர் வருவார் என்பதுதான் தெரியாது. மலிவாக எடுப்பவர் ஏமாற்றுக்காரராகவும், விவரமாக எடுப்பவர் வேலை கிடைக்காதவராகவும் போவது இப்படித்தான்.

ஒருவரைப் பற்றி மட்டும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். இளைஞர். வந்ததும் வாளியைக் கேட்கவில்லை, ஹாலில் எந்த ஒயர் என்று கேட்டார். எஃப்.ஆர்.எல்.எஸ். என்றேன். “பில் இருக்கிறதா?” என்றார். பில்லைவிட நல்ல சாட்சி இருக்கிறது என்று ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, உள்ளே சுருட்டி விட்டிருந்த ஒயரை ஒரு சாண் வெளியே இழுத்தேன். டார்ச் அடித்து, மேலுறையில் அச்சாகியிருந்த வகை, சதுர மி.மீ., ஐ.எஸ். 694 எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தார். இன்னொரு பெட்டியை அவராகவே தேர்ந்தெடுத்து அதையும் திறக்கச் சொன்னார். ஒயர் இழுப்பதற்கு முன் நான் விசாரித்த வேறொருவர் எஃப்.ஆர். போதும் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த இளைஞரிடம் பூசிய சுவரை உடைக்க வேண்டி வந்திருக்கும். அவர் கேட்டதில் தவறே இல்லை. முன்னவரும் அதையே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இளைஞரும்கூடப் பந்தல் போர்டுகளைத் திறந்து பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. முகூர்த்த நாளில் எவ்வளவு தற்காலிக லோடு வரும், எங்கிருந்து எடுப்பார்கள் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. ஆய்வு நடப்பது காலி மண்டபத்தில். தீப்பிடிப்பது நிரம்பிய மண்டபத்தில். 2024 செப்டம்பர் 12 அன்று மதுரை கட்ராபாளையத்தில் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து இரண்டு பெண்கள் இறந்தபோதும் எனக்கு அதுதான் தோன்றியது. ஆள் புழங்கும் நேரத்தில் எதை எங்கே சொருகியிருக்கிறார்கள் என்று பார்க்காத ஆய்வு சுவரைத்தான் பார்க்கிறது.

சண்டை போட்டுப் பயனில்லை என்று ஆனபின் ஒரு வேலை செய்தேன். மெயின் பேனலின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டினேன். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒயர் அளவு, எம்சிபி, மெகர் அளவு. ஒவ்வொரு ஆர்சிசிபியும் எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி வினாடியில் விழுந்தது. சாதாரண வகைக்கு 300, எஸ் வகைக்கு 500 மில்லி வினாடி உச்சவரம்பு என்பது பக்கத்திலேயே. எர்த்துக்கு இரண்டு பத்தி: தகடு கழற்றி அளந்தது, சேர்த்து அளந்தது. அளந்த தேதி, மண் காய்ந்திருந்ததா ஈரமா, மீட்டரின் காலிபரேஷன் தேதி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த விதி, எந்த ஐ.எஸ். எண் என்று எழுதினேன். கீழே என் உரிம எண்ணும் கையெழுத்தும்.

இந்தத் தாள் ஒட்டிய பிறகு பேச்சின் தோரணை மாறியது. ‘எவ்வளவு வேண்டும்’ என்று தொடங்குகிறவர் தாளைப் படித்துவிட்டு, ‘இந்த 3.8 எங்கே, கம்பி எங்கே அடித்தீர்கள்’ என்று கேட்கிறார். அது பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஒன்றுக்குக் கீழே கேட்டவர் மறுபடி வந்தபோது கூட்டு அளவைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். தனி அளவை ஒட்டி வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கிளறவில்லை.

உரிமம் புதுப்பித்து ஆவணி முதல் முகூர்த்தம் நடந்தது. இப்போது ஒவ்வொரு முகூர்த்தக் காலத்துக்கு முன்பும் என் பையன்கள் போய் பஸ்பார், நியூட்ரல் லிங்க் ஸ்குரூக்களை இறுக்கி, ஆர்சிசிபிகளின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, தாளில் தேதி போட்டு வருகிறார்கள். சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டிக்குத் தனித் தீயணைப்பான் வாங்கச் சொல்லியிருக்கிறேன், அது இன்னும் வரவில்லை. பில்லில் எல்லாம் தீர்ந்துவிட்டது, வாளிகளும் ஸ்டாண்டும் தவிர. குடோனில் கிடப்பதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார் பெரியவர். வாங்கச் சொன்னது நான் அல்ல என்கிறேன்.